மாத்திரைக்கு முன்னால் நாலு இட்லி

குழந்தைகள் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருப்பதால் என் வேலையில் பாதி பெற்றோரிடம் பேசுவதுதான். ஏடிஹெச்டி (கவனம் நிற்காமல், அடங்காத துறுதுறுப்போடு இருப்பது), ஓசிடி (ஒரே எண்ணமும் செய்கையும் திரும்பத் திரும்ப வருவது), மனச்சோர்வு, பள்ளிக்கூடம் போக மறுப்பது என்று எதற்காக வந்தாலும், பிள்ளை எழுந்து வெளியே போனதும் அம்மாக்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நான் வளர்த்தது சரியில்லையா மேடம்?"

பரம்பரை, மூளை வளர்ச்சி, சூழல் எல்லாம் சேர்ந்து வருவது இது என்று விளக்குவேன். தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போனதும் மாமியாரின் ஒரே வார்த்தையில் அது அடிபட்டுப் போகும். அதையே சீட்டு போடும் வரிசையில் நிற்கும் இன்னொரு அம்மா, "எங்க புள்ளயும் கை கழுவிக்கினே இருப்பாக்கா, இப்போ பரவால்ல" என்று சொன்னால் நிற்கிறது. அவர் சம்பளத்துக்குப் பேசவில்லையே! இப்படிப் பெற்றோரே பெற்றோருக்குத் துணையாகப் பேசிக்கொள்ளும் சின்னக் குழுக்களைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

வேலூருக்கு இது புதிதல்ல. பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1957-ல் தொடங்கியது. குடும்பத்தாரையும் நோயாளியுடன் தங்கவைத்துச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்ட முன்னோடி இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே குழந்தைகளுக்கான நம்பிக்கை நிலையத்திலும் பெற்றோருக்குப் பயிற்சி தருகிறார்கள். நாள்கணக்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் பேச்சு தானாக வரும். ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் புறநோயாளிகளாக வந்துவிட்டு அன்றைக்கே குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு என்று பஸ் ஏறுகிறவர்கள். அப்பா ராணுவத்திலோ ஆம்பூர் ஷூ கம்பெனியிலோ இருப்பார். அம்மாவுக்கு ஊரில் இதைப் பேச ஆளில்லை. பேசினால் தாயத்து கட்டச் சொல்வார்கள்.

இன்னொரு பெற்றோரால் என்ன ஆகும்? ஒரு உதாரணம். ஏடிஹெச்டி பிள்ளைகளுக்கு மெதில்ஃபெனிடேட் என்ற மாத்திரை கொடுத்தால் பகலில் பசி குறையும். நாங்கள் அதை ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவோம். டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருவதைப் பார்த்துப் பயந்து, யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திய வீடுகள் உண்டு. "மாத்திரைக்கு முன்னாடியே நாலு இட்லி குடுத்துடு, ராத்திரி அதுவே பசின்னு வரும், அப்போ சோறு போடு" என்று சொல்ல, அதைத் தாண்டி வந்த ஒருத்தர் வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வில் கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்குக் கூடுதல் நேரம் கேட்கலாம் என்பது, தலைமையாசிரியரிடம் எப்படிப் பேச்செடுப்பது, உறவினர் கல்யாணத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போவதா வேண்டாமா, இதெல்லாமும் இப்படித்தான் கைமாறும்.

சரி, ஆபத்தும் உண்டு. "என் பையனுக்குக் கேட்டுச்சு" என்று மாத்திரைப் பெயரைப் பகிர்வதை முதல் நாளே தடுத்துவிட வேண்டும். பிள்ளையின் போட்டோ, வீடியோ வாட்ஸ்அப்பில் வேண்டாம். நாளைக்கு அந்தப் பிள்ளை வளர்ந்து அதைப் பார்க்கும். இதைக் குடித்தால் சரியாகும் என்று பவுடர் விற்க வருகிறவரை அன்போடு வழியனுப்பிவிடலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் குழுவில் வைத்துப் பேசித் தீர்க்கக் கூடாது. பிள்ளை சாவைப் பற்றிப் பேசினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ அன்றைக்கே மருத்துவமனை. வீட்டில் மாத்திரை, பூச்சிமருந்து பூட்டுக்குள் போகட்டும். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். இங்கே பக்கத்துக் கணியம்பாடி வட்டாரத்தில் 1992 முதல் 2001 வரை 10-19 வயதினரின் இறப்புகளை ஆராய்ந்த சி.எம்.சி. குழு, தற்கொலை விகிதம் லட்சத்துக்குப் பெண்களில் 148, ஆண்களில் 58 என்று 2004-ல் வெளியிட்டது. 'சின்னப் பொண்ணு, சும்மா மிரட்டுது' என்று விடும் வீடுகளுக்காகத்தான் அந்த எண்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அப்புறம் அப்பாக்கள். கூட்டம் என்றால் வரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வைத்தால் கறிக்கடை, கல்யாணம். வட்டமாக நாற்காலி போட்டு "மனசு விட்டுப் பேசுங்க" என்றால் அம்மாக்களே வாய் திறப்பதில்லை, இவர்களைச் சொல்லி என்ன பயன்? யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) எடுக்க ஏற்கெனவே எடுத்த ஒருவரோடு அனுப்பிவைத்தால், போகும் வழி டீக்கடையில் பேசிவிடுகிறார்கள்.

குழு என்றதும் சங்கம், தலைவர், செயலாளர் என்று யோசிக்க வேண்டாம். இரண்டு குடும்பம் போதும். அடுத்த முறை போகும்போது, இதே தொந்தரவு இருந்து ஓரளவு தேறிய பிள்ளையின் பெற்றோர் யாராவது பேசச் சம்மதிப்பார்களா என்று உங்கள் டாக்டரிடமோ சமூகப் பணியாளரிடமோ கேளுங்கள். அவர்களைக் கேட்காமல் நாங்கள் எண் தரமாட்டோம், உங்கள் எண்ணையும் அப்படித்தான். கேட்டால் பெரும்பாலும் சம்மதிக்கிறார்கள்.