ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'வயதுக்கேற்ற மாற்றம்' என்று இருந்தால்

"டாக்டர், அப்பாவுக்கு மூளையில நீர் இருக்குன்னு போட்டிருக்காங்க." ஸ்கேன் உறையை மேசையில் வைக்கும்போதே பலர் பதற்றமாகத் தொடங்குவது இப்படித்தான். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் இந்த நீர் எல்லாருக்கும் உண்டு. பெரியவர்களுக்குச் சுமார் 150 மில்லி. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 மில்லி புதிதாகச் சுரந்து, அதே அளவு ரத்தத்தில் போய்ச் சேர்கிறது. அதாவது தினமும் மூன்று முறைக்கு மேல் முழுதாக மாறிவிடுகிறது. (தண்ணீரைக் குறைத்துக் குடித்தால் இது குறையுமா என்று கேட்பவர்கள் உண்டு. குறையாது.)

நீரோட்டத்தைப் பார்க்கவே ஒரு வகை எம்.ஆர்.ஐ. எடுக்கிறோம். மூளையின் நடுவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு குழாய் இருக்கிறது. இதயம் துடிக்கும்போது அதற்குள் நீர் கீழே இறங்குகிறது, அடுத்த கணம் மேலே ஏறுகிறது. திரையில் அந்தப் புள்ளி வெள்ளையாகவும் கறுப்பாகவும் மாறி மாறித் தெரியும். நதி போல ஒரே பக்கம் ஓடுவதில்லை. நாடித் துடிப்போடு முன்னும் பின்னும் ஆடியபடி மெதுவாக நகர்கிறது.

அந்த ஆட்டத்தை வயது மாற்றிவிடுகிறது. ரத்தக் குழாய்கள் விறைத்துப்போவதால் துடிப்பின் அதிர்வு வேறு மாதிரி வந்து சேர்கிறது. மூளை கொஞ்சம் சுருங்க, அந்த இடத்தை நீர் நிரப்புகிறது. மூளைக்குள் இந்த நீர் தங்கும் நீரறைகள் பெரிதாகத் தெரிகின்றன. சுரப்பு கூடுவதில்லை, குறையவே செய்கிறது. ஆக, இருப்பு அதிகம், புழக்கம் குறைவு. 'வயதுக்கேற்ற மாற்றம்' என்று ரிப்போர்ட் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். எழுபதைத் தாண்டிய ஒருவரை மகள் கூட்டி வந்தார். இரண்டு வருடமாக நடை தடுமாற்றம், 'வயசாயிடுச்சு' என்று விட்டிருந்தார்கள். அறைக்குள் நடக்கச் சொன்னேன். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல, கால்களை அகட்டி வைத்துத் தேய்த்தபடி வந்தார். திரும்புவதற்கு மட்டும் எட்டு காலடி. சிறுநீர் அவசரம் பற்றிக் கேட்டதும் மகள் தலையைக் குனிந்துகொண்டார். மறதி அப்போதுதான் தொடங்கியிருந்தது. 1965ல் ஹக்கீமும் ஆடம்ஸும் விவரித்த 'இயல்பு அழுத்த நீர்த்தலை' இதுதான்: நடை, சிறுநீர், மறதி என மூன்றும் சேர்ந்து வரலாம். இடுப்பில் ஊசி வைத்து 40 மில்லி நீர் எடுத்தோம். சில மணி நேரம் கழித்து மறுபடி நடக்க வைத்தபோது நான்கே காலடியில் திரும்பினார். அப்புறம் ஷன்ட் வைத்தோம், அதாவது கூடுதல் நீரை உடலின் வேறு இடத்துக்கு வடித்துவிடும் மெல்லிய குழாய். எல்லாருக்கும் இவ்வளவு பலன் கிடைக்காது. நடைக் கோளாறு முதலில் வந்து, சீக்கிரம் கண்டுபிடித்தவர்களுக்குத்தான் நல்ல வாய்ப்பு. பெற்றோர் நடப்பதை போனில் படம் பிடித்துக் கொண்டு வாருங்கள். என் அறையில் பத்தடி நடப்பதைவிட அதில் அதிகம் தெரியும்.

சரி, ஆண் பெண் வேறுபாடு? சராசரியாக ஆண்களின் மண்டை பெரிது, நீரறைகளும் பெரிது. ஓட்டத்தின் வேகத்தில் வித்தியாசம் உண்டா என்றால் ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அதனால் அந்த ஒரு எண்ணை வைத்து நான் முடிவு செய்வதில்லை. நோய்களில்தான் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. காரணம் பிடிபடாமல் தலைக்குள் அழுத்தம் ஏறும் நோய் பெரும்பாலும் இளம் பெண்களுக்கு, அதிலும் உடல் எடை கூடியவர்களுக்கு வருகிறது. நீர் கசிந்து அழுத்தம் இறங்கும் நோயும் பெண்களுக்கே அதிகம். அதில் எழுந்து உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் குறையும்.

அழுத்தம் ஏறுபவர்களை மைக்ரேன் என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்து அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். கேட்க வேண்டியவை சில: குனிந்து எழும்போது சில விநாடி பார்வை இருள்கிறதா? நாடித் துடிப்போடு காதில் 'உஷ் உஷ்' என்று கேட்கிறதா? கேட்டால், கண்ணின் பின்புறத்தைப் பார்த்தே ஆக வேண்டும். பார்வை நரம்பு வீங்கியிருக்கலாம். ஸ்கேன் சாதாரணமாகவே இருக்கலாம். எடை குறைப்பும், நீர் சுரப்பதைக் குறைக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையும் பலருக்குப் போதும்.

ஆண்களுக்கு இது அபூர்வம். ஆனால் வந்துவிட்டால் பார்வை பறிபோகும் ஆபத்து பெண்களைவிட அவர்களுக்கு அதிகம். தலைவலியைப் பெரிதாகச் சொல்லவும் மாட்டார்கள். 'கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கு, கண்ணாடி மாத்தணும்' என்று ஓர் ஆண் தலைவலியோடு வந்தால், கண் பரிசோதனைக்கு அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன்.