மனைவி எப்படி ‘வீடுவி’ ஆனார்?

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு டிடிபி சென்டரில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் மேலூரிலிருந்து வந்த பெரியவர். வீட்டை விற்பதற்குப் பத்திர டிராஃப்ட் அடிக்க வேண்டும். டைப் அடிக்கும் பெண், ஏற்கெனவே இருந்த ஒரு மனை விற்பனைப் பத்திரத்தைத் திறந்து பெயர்களை மாற்றினார். பிறகு கன்ட்ரோல்-எச் அழுத்தி, ‘மனை’ வரும் இடமெல்லாம் ‘வீடு’ என்று மாற்றக் கணினிக்குக் கட்டளையிட்டார். கண் இமைப்பதற்குள் வேலை முடிந்தது. பிரிண்டை வாங்கிப் பார்த்த பெரியவர் கேட்டார்: “என்ன தாயி இது, எங்க வீட்டுக்காரிய ‘வீடுவி’ன்னு அடிச்சிருக்கு?”

இதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோட் முறையில் ‘மனை’ என்பது ம, ன, ஐகாரக் குறி என்று மூன்று குறியெண்கள். ‘மனைவி’யிலும் அதே மூன்றும் அதே வரிசையில் முன்னால் நிற்கின்றன. கணினி தேடுவது அந்த எண் வரிசையை மட்டும்தான், பொருளை அல்ல. வரிசை பொருந்தியது, மாற்றிவிட்டது.

முழுச் சொல்லாக மட்டும் தேடு என்றொரு வசதி உண்டு. தமிழில் அது பாதி வழிதான் வரும். வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டியே வருவதால் மனையை, மனையின், மனைக்கு எல்லாம் தேடலில் தப்பிவிடும். தப்பாமல் மாற்றினாலோ ‘மனைக்கு’ என்பது ‘வீடுக்கு’ ஆகும். டகரத்தை இரட்டித்து ‘வீட்டுக்கு’ என்று எழுத அதற்குத் தெரியாது. தமிழ் ஆவணத்தில் எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றவே கூடாது என்பது என் கட்சி. ஒரு சொல் பிசகினால் பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு அலைவது யார்?

அதற்காகக் கன்ட்ரோல்-எச் போன்ற குறுக்குவிசையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நாள் முழுக்க டைப் அடிப்பவருக்குக் கை மவுஸுக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு நொடியும் கணக்கு. கன்ட்ரோல் பட்டனுக்கென்று சொந்தமாக எழுத்து கிடையாது. கூட அழுத்தும் எழுத்தை அது கட்டளையாக்கிவிடும். எழுத்துகளுக்கு எண் தரும் பழைய ஆஸ்கி முறையில் ஆங்கிலப் பெரிய எழுத்து ‘சி’யின் எண் 67. கன்ட்ரோலைச் சேர்த்தால் 64 கழிந்து 3 ஆகும், அது எழுத்தாக அச்சாகாது. இன்று கணக்கு வேறு, கருத்து அதேதான்.

வெட்டுவது, நகலெடுப்பது, ஒட்டுவது என்ற முறையை 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் உருவாக்கினார்கள். தெருவுக்குத் தெரு நாம் ‘ஜெராக்ஸ் கடை’ என்கிறோமே, அதே ஜெராக்ஸ். பின்னர் ஆப்பிள் கணினிகள் வழியாக, செய்ததைத் திரும்பப் பெற இசட், வெட்ட எக்ஸ், நகலெடுக்க சி, ஒட்ட வி என்று நிலைபெற்றன. நான்கும் கீழ் வரிசையில் அடுத்தடுத்து இருப்பதால் இடது கையே போதும்.

ஆனால் பக்கத்தில் இருப்பதே ஆபத்தும் ஆகும். ‘ஏ’யும் ‘எஸ்’ஸும் அண்டை வீட்டுக்காரர்கள். கன்ட்ரோல்-எஸ் அழுத்திச் சேமிக்கப் போன விரல் கன்ட்ரோல்-ஏ அழுத்தினால் முழுப் பத்திரமும் தேர்வாகிவிடும். அடுத்து ஓர் எழுத்து தட்டினால் அத்தனையும் போய், அந்த ஓர் எழுத்துதான் மிஞ்சும். பழக்கத்தில் கன்ட்ரோல்-எஸ்ஸும் அழுத்திவிட்டால் அந்த ஓர் எழுத்தே கோப்பில் பதிந்துவிடும். பதறிப்போய்க் கோப்பை மூடக்கூடாது. செய்த வேலைகளின் வரிசை, கோப்பு திறந்திருக்கும்வரை நினைவகத்தில் இருக்கும். கன்ட்ரோல்-இசட் அதைத்தான் பின்னோக்கிப் பிரிக்கிறது.

இன்னொன்றையும் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டும். ஒருவருடைய ஆதார் எண்ணை நகலெடுத்தால், வேறொன்றை நகலெடுக்கும்வரை அது கணினியின் நினைவகத்திலேயே கிடக்கும். அடுத்து உட்காருபவர் கன்ட்ரோல்-வி அழுத்தினால் அது திரையில் வந்து நிற்கும். விண்டோஸில் 2018 முதல் வந்திருக்கும் நகல் வரலாற்று வசதியை இயக்கியிருந்தால், கடைசி 25 நகல்கள்வரை பார்க்கலாம். பலர் வந்துபோகும் கடையில் அதை அணைத்து வைப்பதே நல்லது.

அந்தப் பெண் கோப்பை மூடியிருக்கவில்லை. ஒரே ஒரு கன்ட்ரோல்-இசட்டில் எல்லா ‘வீடு’ம் ‘மனை’க்குத் திரும்பின. பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியைத் திரைப்பக்கம் இழுத்துப் போட்டார். ஒவ்வோர் இடமாக நிறுத்தி, அவர் வாய்விட்டுப் படிக்கப் படிக்க, அந்தப் பெண் மாற்றிக்கொண்டே வந்தார்.