காலா கோடா: வெண்கலக் குதிரை நிற்கும் விதம்

தாராவியிலும் மாட்டுங்காவிலும் ரயிலேறி மும்பை கோட்டைப் பகுதிக்கு வேலைக்குப் போகும் தமிழர்களுக்கு காலா கோடா பழகிய இடம். ‘கருப்புக் குதிரை’ என்ற அந்தப் பெயருக்குக் காரணம் ஏழாம் எட்வர்டு குதிரைமேல் அமர்ந்திருந்த சிலை. அது 1965-இல் அகற்றப்பட்டு, பிறகு பைகுல்லா உயிரியல் பூங்காவுக்குப் போய்விட்டது. அரை நூற்றாண்டு குதிரையே இல்லாமல் ஓடியது. 2017-இல் ஸ்ரீஹரி போஸ்லே வடித்த புதுக்குதிரை வந்து நின்றது. அதன் முதுகில் ராஜா இல்லை.

சுவாமிமலையில் வார்க்கும் உற்சவர் திருமேனி உள்ளும் கனமானது. குதிரை அளவுச் சிலையை அப்படி வார்க்க முடியாது. தடித்த உலோகத்தில் வெளிப்புறம் முதலில் உறைந்துவிடும். பிறகு உறையும் உட்பகுதி சுருங்கி, பொந்தும் வெடிப்பும் விழும். எடையும் தாங்காது: 500 கிலோ உயிர்க்குதிரையின் பருமனைக் கெட்டி வெண்கலமாக வார்த்தால் 4 டன்னைத் தாண்டும். அதனால் பெரிய சிலைகளுக்கு மெழுகுத் தோலின் உள்ளே மண் கரு வைத்து, 5 முதல் 8 மில்லிமீட்டர் தடிமனில் கூடாக வார்க்கிறார்கள். 6 மில்லிமீட்டர் வெண்கலத் தகடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 53 கிலோ. குதிரையின் மேற்பரப்பு ஐந்தாறு சதுர மீட்டர்தான். கூடு ஏறக்குறைய 300 கிலோவில் முடிந்துவிடும். வெண்கலக் குதிரை உயிர்க்குதிரையைவிட லேசு!

சூட்டில் மெழுகு உருகி ஓடி, அந்த இடத்தில் வெண்கலம் நிரம்பும்போது கரு ஆடாமலிருக்க, குறுக்கே ஆணிகள் தாங்க வேண்டும். ஆணி நழுவினால் கரு ஒரு பக்கம் சாயும். அங்கே தோல் மெலிந்து ஓட்டை விழும். உடலைப் பல துண்டுகளாக வார்த்துப் பற்றவைக்கும்போது கம்பியும் அதே கலவையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறமேற்றியதும் தையல் போலத் தழும்பு தெரியும்.

உண்மையான சோதனை கணுக்காலில்தான். உடம்பின் எடையும் பருவமழைக் காற்றின் தள்ளலும் அந்த ஒல்லியான இடத்தில் வந்து குவிகின்றன. அதனால் காலுக்குள் துருப்பிடிக்காத எஃகுத் தண்டு இறங்கி, குளம்பைத் தாண்டிப் பீடத்து கான்கிரீட்டில் ஊன்ற வேண்டும். சாதாரண இரும்பை வைப்பது பெரிய தப்பு. துரு, தான் அரித்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். வெண்கலத்தை உள்ளிருந்தே பிளக்கும்.

கருமை பெயின்ட் அல்ல. சூடேற்றிய வெண்கலத்தில் சல்பைடு கரைசலைத் தடவினால் செம்பு கறுக்கும். வெள்ளிக் கொலுசு கறுப்பதும் இதே கந்தக வேலைதான். மேலே மெழுகு பூசுவார்கள்.

மும்பைக் கடற்காற்றின் உப்பு அந்த மெழுகைத் தாண்டினால், செப்புக் குளோரைடு உண்டாகும். ஈரம் பட்டதும் அது வெளிர்பச்சைத் தூளாகி அமிலத்தைக் கக்கும். அமிலம் மறுபடி செம்பைத் தின்னும். குச்சியால் மெல்லத் தொட்டுப் பார்த்தால் போதும். இறுகி ஒட்டியிருக்கும் களிம்பு காப்பு. தூளாக உதிர்ந்து அடியில் குழி தெரிந்தால் அது நோய். மென்சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, ஆண்டுதோறும் மழைக்கு முன் மெழுகிட வேண்டும். குத்துவிளக்குக்குப் போடும் புளியை இங்கே கொண்டுவரவே கூடாது. அமிலம் காப்புப் படலத்தைப் பிடுங்கிவிடும்.

இப்படிப்பட்ட சிலையின் வயிற்றடியில் விரல் நுழையாத அளவுக்குச் சிறு துளை விடுவார்கள். கூட்டுக்குள் வியர்க்கும் நீர் அதன்வழியே வடிய வேண்டும். தூசியோ குளவிக்கூடோ அதை அடைத்தால் தண்ணீர் கால்களில் தேங்கும். மழை விட்ட மறுநாள் குளம்போரத்தில் செம்பழுப்புக் கோடு வழிந்திருந்தால், உள்ளே எங்கோ இரும்பு துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது.