பழைய கன்வெர்ட்டிபிளை மீட்கலாமா? கதவு இடுக்கைப் பாருங்கள்

இங்கிலாந்தில் ஒரு கொட்டகையில் இருபது வருடமாகச் சும்மா நின்ற எம்ஜிபி கார் (கூரையை மடக்கிவிடக்கூடிய பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். துணிக்கூரையில் பாசி, சீட்டில் எலி குடியிருந்த அடையாளம், நாலு டயரிலும் காற்றில்லை. பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பானட்டைத்தான் தூக்குவார்கள். இன்ஜின் சுற்றவில்லை என்று தெரிந்ததும் முகம் வாடிவிடும். பெயிண்ட் மட்டும் பளபளவென்று இருந்து, இன்ஜினும் ஓடினால் உடனே பேரம் தொடங்கிவிடும். இரண்டுமே தவறான இடத்தில் பார்ப்பதால் வருகிற முடிவுகள்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே அபிங்டன் ஆலையில் தயாரானது. கூரையுள்ள ஜிடி வகையையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கும் மேல். இத்தனை ஓடியதால் உதிரிபாகம் ஏறக்குறைய எல்லாமே இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. 1798 சிசி இன்ஜின் வார்ப்பிரும்பில் செய்த எளிமையான சாதனம். நின்றே கிடந்தால் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஸ்பார்க் பிளக் துளை வழியாக எண்ணெய் ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, மெல்ல அசைத்தால் பல இன்ஜின்கள் விட்டுக்கொடுத்துவிடும். விடாவிட்டாலும் சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டுவிடலாம். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. அதனால் பிரேக் பிஸ்டன்கள் உள்ளுக்குள் துருப்பிடித்து இறுகியிருக்கும். எல்லாவற்றையும் கழற்றிப் புதிது போட வேண்டியதுதான். சீட், துணிக்கூரை, வயரிங் எல்லாம் இதே கதை. செலவு உண்டு, ஆனால் வாங்குவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கூட்டிவிடக்கூடிய செலவு.

தாளில் எழுத முடியாத செலவு கதவுக்குக் கீழே இருக்கிறது.

எம்ஜிபிக்கு முந்தைய எம்ஜிஏ காரில் தனிச் சட்டம் உண்டு. கனமான அந்தச் சேஸிஸ்தான் பாரம் தாங்கும், மேலே உள்ள தகடு வெறும் போர்வை. எம்ஜிபியில் அந்தச் சேஸிஸை எடுத்துவிட்டு, உடல் தகடுகளையே பாரம் தாங்க வைத்தார்கள். கூரையுள்ள காரில் இது சுலபம். கூரை, தூண்கள், தரை எல்லாம் சேர்ந்து ஒரு கூண்டாகிவிடும். கன்வெர்ட்டிபிளில் கூண்டின் மேல்பாதியே கிடையாது. ஒரு தீப்பெட்டியை எடுத்துப் பாருங்கள். குச்சி வைக்கிற உள்தட்டைத் தனியாகப் பிடித்து முறுக்கினால் சுலபமாக வளையும். அதை உறைக்குள் தள்ளிவிட்டு முறுக்கினால் அசையாது. கூரை இல்லாத கார் அந்த உள்தட்டு.

இந்தக் குறையை ஈடுகட்ட, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே, கதவுக்கு அடியில் இரண்டு பக்கமும் நீளமான தகட்டுப் பெட்டிகள் ஓடுகின்றன. பிரிட்டிஷ் மெக்கானிக்குகள் ‘சில்’ என்பார்கள். கதவடிப் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். வெளித்தகடு, உள்தகடு, நடுவில் செங்குத்தாக ஒரு தடுப்புத் தகடு, அடியில் இன்னொரு நீளப் பட்டை. எல்லாம் ஸ்பாட் வெல்டிங்கில் இணைந்தவை. காரின் முன்பாதியும் பின்பாதியும் பிரிந்து தொங்காமல் பிடித்து வைத்திருப்பதில் பெரும் பங்கு இவற்றுக்குத்தான்.

இதில் துரு ஏன் இவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. பத்து சென்டிமீட்டர் சதுரமாக, ஒரு மில்லிமீட்டர் தகட்டில் ஒரு நீளப் பெட்டிக்குழாய் இருப்பதாக எடுத்துக்கொள்வோம். முறுக்கத்தை எதிர்க்கும் அதன் விறைப்பு, பெட்டி வளைத்துக்கொண்டிருக்கும் பரப்பின் இருமடியைப் பொறுத்தது. அதே குழாயின் ஒரு மூலையில் நெடுகக் கீறிவிட்டால் தகடு ஒரு கிராம்கூடக் குறையவில்லை, ஆனால் வளைத்துப் பிடித்த பரப்பு போய்விட்டது. இப்போது விறைப்பு தகட்டின் தடிமனின் மும்மடியைத்தான் நம்பியிருக்கிறது. பொறியியல் பாடப்புத்தகச் சூத்திரத்தில் எண்களைப் போட்டால், கீறாத குழாய் கீறிய குழாயைவிட 7,500 மடங்கு விறைப்பானது! நிஜக் காரில் பெட்டி தரையோடும் தூண்களோடும் இணைந்திருப்பதால் வீழ்ச்சி இவ்வளவு பயங்கரமாக இருக்காது. ஆனாலும் திசை இதுதான். தகட்டின் நடுவில் நாணயம் அளவு ஓட்டை இருப்பதைவிட, இரண்டு தகடு சேரும் விளிம்பு நெடுகத் துருப்பிடித்துப் பிரிந்திருப்பது பல மடங்கு மோசம்.

துருவுக்கும் அந்த விளிம்புதான் பிடித்த இடம். முன் சக்கரம் வாரியடிக்கும் சேறு அதன் பின்னால் உள்ள தடுப்பைத் தாண்டிப் போய்ப் பெட்டியின் முனையில் தங்குகிறது. பிரிட்டனில் குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்பு தூவுவார்கள். உப்பு கலந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்; துருப்பிடிப்பது மின்வேதி வினை என்பதால் வேகம் கூடுகிறது. ஒட்டியிருக்கும் இரண்டு தகடுகளுக்கு நடுவே புகுந்த நீரில் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். வெளியே ஆக்சிஜன் தாராளம். இந்த வித்தியாசமே ஒரு சின்ன மின்கலம் போல வேலை செய்து, ஆக்சிஜன் இல்லாத உட்புறத்து இரும்பைக் கரைக்கிறது. அதாவது கண்ணுக்குத் தெரியாத இடம் முதலில் போகிறது. உருவாகும் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் தகடுகளை நெம்பித் தள்ளி வெல்டிங் புள்ளிகளையும் அறுக்கிறது. நல்லெண்ணத்தோடு பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடி வைத்த காரில் உள்ளே ஈரம் அடைபட்டு நிலைமை இன்னும் கெடும்.

அப்படியானால் பார்க்கப் போகிறவர் என்ன செய்யலாம்? முதலில் எதையும் தூக்காமல், நாலு சக்கரமும் தரையில் இருக்கும்போது, கதவின் பின்விளிம்பு இடுக்கைக் கவனிக்க வேண்டும். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருந்தால் நல்லது. மேலே குறுகி கீழே விரிந்திருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். கதவுக் கீல் தேய்ந்திருந்தாலும் இடுக்கு மாறும் என்பதால், கதவைத் திறந்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து அதை விலக்கிவிட வேண்டும். அப்புறம் பக்கவாட்டு ஜாக்கியைப் போட்டு மெல்லத் தூக்கிக் கதவைத் திறந்து மூட வேண்டும். முன்பு மூடிய கதவு இப்போது இடித்தால் உடல் வளைகிறது. ஜாக்கி போடும் இடமே நொறுங்கினால் மேற்கொண்டு சோதிக்க எதுவும் இல்லை. சாமான்களைக் கழற்றி வேறு காருக்குப் போட ஆசைப்பட்டால் மட்டும் விலை பேசலாம்.

காந்தமும் கையில் இருக்கட்டும். பட்டி வைத்துப் பூசிய இடத்தில் அது ஒட்டாது. ஆரம்ப வருடத்துக் கார்களில் பானட் அலுமினியம். அங்கே ஒட்டவில்லை என்று பதற வேண்டாம்.

எனக்கு அதிகம் பயம் தருவது துருவைவிடப் பழைய டிங்கரிங்தான். எம்ஜிபியின் கதவடிப் பெட்டி முன், பின் மட்கார்டுகளுக்கு அடியிலும் போகிறது. வெளியே தெரிவது நடுத்துண்டு மட்டும். அந்தத் துண்டின் மேல் ஒரு புதுத் தகட்டைப் போர்த்தி வெல்டிங் செய்து கறுப்புப் பூச்சு அடித்துவிட்டால் பார்க்கப் பிரமாதமாக இருக்கும், உள்ளே மட்கிய இரும்பு அப்படியே கிடக்கும். முறையாகச் செய்ய வேண்டுமென்றால் முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும், பின் மட்கார்டின் அடிப்பகுதியை வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து உடலை இறுக்க வேண்டும், ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம் தொட வேண்டும். இல்லையென்றால் கார் தொய்ந்த நிலையிலேயே புதுத் தகடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எந்தக் கதவும் எந்தக் காலத்திலும் சரியாகப் பொருந்தாது. பளபளக்கும் காரை விட, துரு அப்பட்டமாகத் தெரிகிற, யாரும் கைவைக்காத கார் மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

பெட்டிகளோடு, பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் உடலில் மாட்டியிருக்கும் இடமும் போய்விட்டது என்றால்? பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் எம்ஜிபிக்கு முழு உடலையே பழைய அச்சுகளில் புதிதாகத் தயாரித்து விற்கிறது. ஆனால் விலை குறைவில்லை. பெயிண்ட், கோர்ப்பு வேலை எல்லாம் சேர்த்தால் முடிந்த காரின் சந்தை விலையைத் தாண்டிவிடும். இத்தனை லட்சம் தயாரான காரில், அதைவிடத் துரு குறைந்த இன்னொன்றைத் தேடுவதே புத்திசாலித்தனம். அமெரிக்காவுக்குப் போன கார்களில் கலிபோர்னியா, அரிசோனா பக்கத்து வறண்ட காற்றில் நின்றவை இன்னும் கிடைக்கின்றன. சீட்டும் டாஷ்போர்டும் வெயிலில் வெடித்திருக்கும், ஆனால் பெட்டிகள் பிழைத்திருக்கும்.

விதிவிலக்கு, 1965 தொடக்கம் வரை வந்த, கதவில் இழுத்துத் திறக்கும் கைப்பிடி உள்ள கார்கள். எண்ணிக்கையில் குறைவு என்பதால் ஆர்வலர்கள் அவற்றுக்குத் தனி மதிப்பு வைக்கிறார்கள். அப்படி ஒன்று தொய்ந்த கதவோடு வந்தால் உடனே மறுக்க மாட்டேன், கைப்பிடியை மட்டும் பார்த்து நம்பவும் மாட்டேன். இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் அசல் உற்பத்திப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. சேஸிஸ் எண் அதோடு பொருந்திய பிறகு வெல்டரிடம் பேசலாம்.