பெரியாஸ்பத்திரி கொழும்புக்கு, அச்சுவேலி மாகாணத்துக்கு: வட மாகாண சுகாதார அமைச்சின் வேலை என்ன?

2022 இல் மருந்துத் தட்டுப்பாடு உச்சத்தில் நின்றபோது என் சித்தி ஊர் ஆஸ்பத்திரியில் நீரிழிவுக் குளிசைக்கு வரிசையில் நின்றார். கிளினிக் கொப்பியைப் பார்த்த மருந்தாளர் இரண்டு குளிசைகளின் பெயருக்குப் பக்கத்தில் கோடு போட்டு, “இது ரெண்டும் இல்லை அம்மா, வெளியில வாங்குங்கோ” என்றார். சித்தி அவரோடு சண்டை பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, “மாகாண அமைச்சுக்கு எழுதித் தா” என்று என்னிடம் பேப்பரை நீட்டினார். அவருடைய கோபத்தில் பிழை இல்லை. ஆனால் மருந்து கொள்வனவு செய்யும் அதிகாரம் மாகாணத்திடம் இல்லை. அன்று சித்திக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மாகாண சுகாதார அமைச்சுகள் 1987 இல் வந்த இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தாலும் அதே ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தாலும் உருவானவை. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் உள்ள மாகாண சபை நிரல் சுகாதாரத்தில் எதையெல்லாம் மாகாணத்திடம் கொடுக்கிறது என்று சொல்கிறது. பொது வைத்தியசாலைகள், கிராமிய வைத்தியசாலைகள், மகப்பேற்று மனைகள், மருந்தகங்கள் ஆகியவற்றை அமைத்து நடத்துவது, தாய் சேய் நலம், போசாக்கு, சுகாதாரக் கல்வி, உணவுச் சுத்தம், சுற்றாடல் சுகாதாரம், மாகாணத்துக்கான ஆண்டுச் சுகாதாரத் திட்டம் எல்லாம் அதில் அடங்கும். ஆயுர்வேத, சித்த வைத்தியசாலைகளும் மாகாணத்துக்கே. அதனால்தான் பெயர்ப்பலகையில் சுகாதாரத்தோடு சுதேச வைத்தியமும் சேர்ந்து நிற்கிறது. முதலமைச்சரைத் தவிர நான்கு அமைச்சர்களுக்கு மேல் ஒரு மாகாணத்தில் இருக்க முடியாது என்பதால் வேறு துறைகளும் இந்த அமைச்சின் தலையில் ஏறுவதுண்டு.

போதனா வைத்தியசாலைகளையும் விசேட தேவைக்கான வைத்தியசாலைகளையும் அதே நிரல் விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே நாங்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் யாழ். போதனா வைத்தியசாலை கொழும்பிலுள்ள மத்திய சுகாதார அமைச்சின் கீழ் இயங்குகிறது. அச்சுவேலி, காரைநகர் போன்ற பிரதேச வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். ஒரே நோயாளி காலையில் ஒன்றிலும் பின்னேரம் மற்றதிலும் படுத்திருக்கலாம். இடையில் அரசாங்கம் மாறியது அவருக்குத் தெரியவே தெரியாது.

வைத்தியசாலைகளுக்கு வசதி செய்து கொடுப்பது மாகாணத்தின் வேலை என்று சொல்லும் வரியிலேயே “மருந்துக் கொள்வனவு தவிர” என்ற விலக்கும் இருக்கிறது. மருந்தை மத்திய அரசு வாங்கும். கொழும்பிலுள்ள மருத்துவ வழங்கல் பிரிவிலிருந்து அது மாவட்டக் களஞ்சியத்துக்கு வந்து, அங்கிருந்து ஊர் ஆஸ்பத்திரி அலுமாரிக்குப் போய்ச் சேரும். வைத்தியர்கள் நாடளாவிய சேவையைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய நியமனமும் இடமாற்றமும் மத்தியில்தான் தீர்மானமாகும். கட்டடம் மாகாணத்துடையது, அதற்குள் இருக்கும் வைத்தியரும் மருந்தும் கொழும்பிலிருந்து வர வேண்டும். நிதியிலும் பெரும் பகுதி நிதி ஆணைக்குழுவின் சிபாரிசின்படி மத்தியிலிருந்தே வருகிறது. ஓர் ஆஸ்பத்திரியை நடத்தும் பொறுப்பைக் கொடுத்துவிட்டு அதன் மருந்தை மட்டும் பிடித்து வைத்திருப்பது சரியான பகிர்வு என்று எனக்குப் படவில்லை.

வடக்கில் இந்த அமைச்சுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1988 இல் வடக்கும் கிழக்கும் இணைந்த ஒரே மாகாண சபை திருகோணமலையில் தொடங்கியது. 1990 இல் அது கலைந்து, நிருவாகம் ஆளுநரிடம் போனது. இணைப்புச் செல்லாது என்று 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க, 2007 தொடக்கம் வட மாகாணம் தனியானது. 2013 செப்டெம்பரில்தான் வடக்குக்கென முதல் மாகாண சபைத் தேர்தல் நடந்தது. சி.வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார், வைத்தியர் ப. சத்தியலிங்கம் சுகாதார அமைச்சரானார். 2018 ஒக்டோபரில் அந்தச் சபையின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் வைக்கப்படாமல் பொறுப்பு மீண்டும் ஆளுநரிடம் போனது.

கூட்டிப் பார்த்தால், மக்கள் தெரிவு செய்த அமைச்சர் ஒருவர் இங்கே இருந்தது ஏறத்தாழ ஆறரை ஆண்டுகள்தான். மீதிக் காலம் முழுவதும் அமைச்சைத் தாங்கியவர்கள் செயலாளர்களும் பணிப்பாளர்களும் களத்தில் நின்ற ஊழியர்களும். 1995 ஒக்டோபர் இறுதியில் போரால் வலிகாமம் இடம்பெயர்ந்தபோதும், 2008 இல் கிளிநொச்சி ஆஸ்பத்திரி தர்மபுரத்துக்குப் போனபோதும், அந்த ஊழியர்கள் சனத்தோடு சேர்ந்தே நடந்தார்கள். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. வன்னிக் காட்டோரங்களில் மலேரியாப் பரிசோதனைக்கு இரத்தப் பூச்சு எடுத்துத் திரிந்தவர்களின் உழைப்பும் அந்தச் சான்றிதழில் இருக்கிறது.

இப்போது அமைப்பைப் பார்ப்போம். செயலாளருக்குக் கீழே மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் இருக்கிறார். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா என்று ஐந்து மாவட்டத்துக்கும் ஒவ்வொரு பிராந்தியப் பணிப்பாளர். அதற்கும் கீழே எம்.ஓ.எச். என்று எல்லோரும் சொல்லும் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள். அந்த அலுவலகத்தில்தான் பி.எச்.ஐ. என்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும், தாய் சேய் நலம் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர்களும் வேலை செய்கிறார்கள்.

மாகாண அமைச்சு உண்மையில் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால் செயலகத்துக்குப் போக வேண்டாம். கிளினிக் நாளில் ஊர்ச் சனசமூக நிலையத்துக்குப் போங்கள். கூரை வளையில் தராசு தொங்கும். காற்சட்டை மாதிரித் தைத்த சீலைக்குள் பிள்ளையை இறக்கியதும் அது வீரிட்டு அழும். குடும்பநல உத்தியோகத்தர் முள் அசையாமல் நிற்கும் ஒரு கணத்துக்காகக் காத்திருந்து நிறையை வாசித்து, பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் ஒரு புள்ளி வைப்பார். பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு அட்டை, ஆண் பிள்ளைக்கு நீலம். போன மாதப் புள்ளியோடு கோட்டை இழுத்து, கோடு மேலே ஏறுகிறதா படுக்கிறதா என்று பார்ப்பார். படுத்தால் தாயிடம், “என்ன சாப்பாடு குடுக்கிறீங்கள் பிள்ளை?” என்ற கேள்வி வரும். திரிபோசாச் சத்துமாவும் தடுப்பூசியும் கிடைப்பது இந்தக் கட்டமைப்பின் வழியாகத்தான். தடுப்பூசியைக் கொண்டுவருவது மத்தி, அதைப் பிள்ளைக்குப் போட்டுப் பதிவது மாகாணத்தின் ஆட்கள்.

கருத்தரித்தது தெரிந்த உடனேயே உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதியுங்கள். எட்டு வாரத்துக்குள் பதிவது நல்லது. தனியார் வைத்தியரிடம் காட்டுபவர்களும் பதிய வேண்டும், ஏனென்றால் பிரசவத்துக்குப் பிறகு வீடு தேடி வருபவர் அவர்தான். பாடசாலையில் 1, 4, 7, 10ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடக்கும் மருத்துவப் பரிசோதனையும், 35 வயதுப் பெண்களுக்கான புற்றுநோய் முன்பரிசோதனைக் கிளினிக்கும் எம்.ஓ.எச். அலுவலகத்தின் பொறுப்பு. இரண்டும் இலவசம். கடைச் சாப்பாட்டில் பழுது, அயல் வளவில் நுளம்பு பெருகுகிறது என்றால் பி.எச்.ஐ.யிடம் சொல்லுங்கள். உணவுச் சட்டமும் நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டமும் அவருக்கு அதிகாரம் கொடுக்கின்றன. 1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தால் வரும் அம்புலன்ஸ் மாகாணத்துடையது அல்ல. அது தனிச் சட்டத்தின் கீழ் நடக்கும் இலவசச் சேவை, வடக்குக்கு 2018 இல் வந்தது.

பிரதேச வைத்தியசாலை பற்றிய முறைப்பாட்டை முதலில் பொறுப்பு வைத்தியரிடமும், பிறகு பிராந்தியப் பணிப்பாளர் பணிமனையிலும், அதற்கும் பிறகு மாகாண அமைச்சின் செயலாளரிடமும் எழுத்தில் கொடுக்கலாம். பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். அது மாகாண அமைச்சையும் கட்டுப்படுத்தும். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

சித்திக்கு அந்தச் சட்டத்தின் கீழேயே எழுதிக் கொடுத்தேன். இந்தக் குளிசை மாவட்டக் களஞ்சியத்திலிருந்து கடைசியாக எப்போது இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தது, எத்தனை வந்தது, ஆஸ்பத்திரி எத்தனை கேட்டிருந்தது என்று மூன்று கேள்விகள். மருந்தாளரைப் பற்றி ஒரு வரியும் அதில் இல்லை.