அட்வென்ச்சர்: சாகசமா, துணிவா?

போயா (பௌர்ணமி) லீவு வந்தால் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கித்துல்கலைக்குப் போகத் திட்டம் போடுவார்கள். ஆற்றில் றாஃப்டிங், காட்டுக்குள் நடை, பாறையிலிருந்து குதித்தல் எல்லாம் சேர்த்து 'அட்வென்ச்சர் ட்ரிப்' என்பார்கள். தமிழில் என்ன என்று கேட்டால் 'சாகசம்' என்று உடனே பதில் வரும். சுற்றுலா விளம்பரங்களிலும் அதுதான். எனக்கு அந்தச் சொல் இப்போது பிடிப்பதில்லை.

அட்வென்ச்சரின் மூலம் இலத்தீன். 'வந்து சேர்' என்ற வினையிலிருந்து 'வரப்போவது' என்ற பொருளில் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. முதலில் அதற்குத் தற்செயலாக நேர்வது என்றுதான் பொருள். ஆபத்து, ஆபத்தைத் தேடிப் போவது என்பவை பின்னால் சேர்ந்தவை.

சாகசத்தின் கதை வேறு. வடமொழியில் 'சஹஸ்' என்றால் வலிமை, வன்மை. அதிலிருந்து வந்த 'சாஹஸ' தர்மசாத்திரங்களில் ஒரு குற்றத்தின் பெயர். உடையவர் கண்முன்னே ஒரு பொருளை வலுக்கட்டாயமாகப் பறிப்பதை அப்படிச் சொன்னார்கள். கொழும்பில் இருப்பவர்களுக்கு இது விளங்கும். கொடூரமான கொலையைப் பற்றிய சிங்களச் செய்தியில் 'சாஹசிக' என்ற சொல் காதில் விழும். தமிழில் துணிச்சல் என்ற நல்ல பொருளோடு பாசாங்கு என்ற பொருளும் இதற்கு உண்டு. சாகசக்காரி என்றால் நடித்து மயக்குபவள்.

வன்மை, பாசாங்கு இரண்டையும் நான் கித்துல்கலையில் பார்த்தேன். எங்களோடு வந்த ஒரு தம்பிக்குப் பாறையிலிருந்து குதிக்கப் பயம். "டேய் பயந்தாங்கொள்ளி, குதியடா!" என்று எல்லோரும் கத்தினார்கள், கையில் போனைப் பிடித்துக்கொண்டு. நானும் கத்தினேன். அவன் குதித்தான். அடி ஒன்றும் படவில்லை, ஆனால் கொழும்புக்கு வந்து சேரும் வரை யாரோடும் பேசவில்லை. அவனைக் குதிக்க வைத்தது எங்கள் சத்தம். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

சரி, வேறு என்ன சொல் இருக்கிறது? துணிகரம் என்றால் பத்திரிகைகள் அதைக் கொள்ளையோடு சேர்த்தே பழக்கிவிட்டன: 'துணிகரக் கொள்ளை'. ஆனால் அதன் வேரான 'துணி' அருமையான வினை. துணிதல் என்றால் அறுபடுதல். வெட்டிய துண்டும் உடுத்தும் துணியும் இந்தக் குடும்பம்தான். மனத்தில் இழுபறியாக இருந்ததை அறுத்து ஒரு பக்கமாக வைப்பதால் தீர்மானித்தல் என்ற பொருளும் அதற்கு வந்தது. 'என்பது என் துணிபு' என்று எழுதுகிறோமே, அது முடிவு என்ற பொருளில்தான். அஞ்சாமை அதற்கு அடுத்தபடி. 'எண்ணித் துணிக கருமம்' என்ற குறளிலும் (467) எண்ணம் முதலில் வருகிறது, துணிவு பிறகு.

இப்படிப் பார்த்தால் திரும்பி வருவதும் துணிவுதான். 2016 மே மாதம் ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் இலங்கையர் ஆனார். அவரோடு ஏறிய ஜொஹான் பீரிஸ், உச்சி கிட்ட இருந்தபோதும், ஒட்சிசன் சிக்கலால் இறங்கிவிட்டார். 2018இல் மறுபடி போய் உச்சியை அடைந்தார். 2016இல் அவர் இறங்கியதைச் சாகசம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். துணிவு என்று தாராளமாகச் சொல்லலாம். எனக்கு அது ஏறியதைவிடப் பெரிதாகவே படுகிறது.

எண்ணிப் பார்ப்பதில் நம் உயிர் மட்டும் அடங்காது, போகிற இடமும் அடங்கும். ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா வாசலில் பொலித்தீனைக் கழற்றி வாங்கிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். கித்துல்கலை ஆற்றங்கரையில் அப்படி வாசல் கிடையாது. அங்கே நாம் படகு விடுவது களனி கங்கையில். 145 கிலோமீற்றர் ஓடி, கொழும்பு முகத்துவாரத்தில் கடலோடு சேரும் ஆறு அது. சேருவதற்கு முன் அம்பத்தலையில் அதன் தண்ணீரை எடுத்துச் சுத்திகரித்துக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள். பாறை இடுக்கில் செருகிவிட்டு வரும் பிஸ்கட் உறையும் ஷாம்பு நுரையும் நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரின் வழியில்தான் இருக்கின்றன.

அதனால் நான் 'துணிவுப் பயணம்', 'துணிவு விளையாட்டு' என்றே எழுதுகிறேன். சாகச விளையாட்டு என்பது அகராதியிலும் அரசாங்க அறிவித்தல்களிலும் இருந்துவிட்டுப் போகட்டும், அதைப் பிழை என்று சொல்லவில்லை. பேச்சில் இன்னும் எளிது: "துணிஞ்சு போவம்", "வேண்டாம் எண்டு துணிஞ்சிட்டன்" இரண்டுமே இயல்பாக வாயில் வருகின்றன.

அடுத்த போயாவுக்கு அந்தத் தம்பியும் வருகிறான். பாறைக்குப் பக்கத்தில் யாரும் கத்தக் கூடாது என்று இப்போதே பேசி வைத்திருக்கிறோம்.