ஓ-ரிங்கை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்

பழைய பாணி பிசிபி ஏர் ரைஃபிள், அதாவது முன்கூட்டியே காற்றை அடைத்துச் சுடும் துப்பாக்கி, வாங்க நினைப்பவரின் கண் முதலில் போய் நிற்பது மரத்தில்தான். வால்நட் கட்டை, கருநீலம் ஏறிய எஃகு, குழலுக்கு அடியில் ஒரே ஒரு காற்று சிலிண்டர். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சில வருடம் கழித்து அதை நீங்களே மேசையில் பிரித்து மாட்ட முடியுமா என்பது மரத்தில் இல்லை. உள்ளே கிடக்கும் கறுப்பு ரப்பர் வளையங்களில், அதாவது ஓ-ரிங்குகளில் இருக்கிறது.

ஸ்பிரிங் துப்பாக்கியில் ஒவ்வொரு குண்டுக்கும் ஒருமுறை மடக்கி இழுக்க வேண்டும். பிசிபி அப்படியில்லை. ஒருமுறை காற்றை அடைத்துவிட்டால் பல முறை சுடலாம். வழக்கமான நிரப்பு அழுத்தம் 200 பார் அளவில் இருக்கும். கார் டயரில் இருப்பதைப் போல 80, 90 மடங்கு. 200 மில்லிலிட்டர் சிலிண்டருக்குள் ஏறத்தாழ 40 லிட்டர் காற்று மடங்கி உட்கார்ந்திருக்கிறது.

யோசனை ஒன்றும் புதிதல்ல. 1780 வாக்கிலேயே ஆஸ்திரிய ராணுவத்துக்கு ஜிராண்டோனி என்பவர் இப்படி ஒரு துப்பாக்கியைச் செய்துகொடுத்தார். அதன் பின்கட்டையே காற்றுப் புட்டி. நிரப்ப 1,500 தடவை வரை பம்ப் அடிக்க வேண்டும். காற்றை அடைத்து வைத்தது தோல்; காய்ந்தால் கசியும், ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். அந்தத் தொல்லையைத் தீர்த்தது ஓ-ரிங். நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1937-இல் விண்ணப்பித்து, 1939-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்.

ஓ-ரிங்கின் சூட்சுமம் எளிது. காற்று அதைத் தன் பள்ளத்தின் ஓரத்துக்குத் தள்ளி, இடுக்கில் அழுத்திப் பிடிக்கிறது. அழுத்தம் கூடக்கூட அடைப்பும் இறுகும். அதனால்தான் சிலிண்டர் காலியாகும் நேரத்தில் சில துப்பாக்கிகள் கசியத் தொடங்குகின்றன. எப்போதும் கொஞ்சம் காற்றோடு வைத்திருங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வதற்கு இது ஒரு காரணம். காற்று இருந்தால் வால்வும் தன் இருக்கையில், அதாவது அது அமர்ந்து மூடும் விளிம்பில், அழுந்தி நிற்கும், தூசி புகாது.

இப்போது வால்வு. டிரிகரை அழுத்தினால் ஸ்பிரிங் தள்ளும் ஒரு சுத்தியல் வால்வின் தண்டில் மோதும். வால்வு கண நேரம் திறந்து மூடும்; அதற்குள் வெளியேறிய காற்று பெல்லட்டை, அதாவது சிறு குண்டை, தள்ளிக்கொண்டு போகும். வால்வு இருக்கையின் விட்டம் 8 மி.மீ. என்று வையுங்கள். 200 பாரில் அதை மூடிப் பிடிக்கும் விசை ஏறத்தாழ 100 கிலோ எடைக்குச் சமம். சுத்தியலின் அடி அதைச் சிறிதளவே, சிறிது நேரமே திறக்கும். ஆனால் வரும் காற்று அடர்த்தியானது. அழுத்தம் 120 பாருக்கு இறங்கினால் காற்று மெலிகிறது, அப்புறம் அதே அடி வால்வை அதிகம் திறந்து அதிக நேரம் நிற்க வைக்கிறது. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்வதால் நடுப்பகுதியில் வேகம் அதிகம் மாறுவதில்லை. எந்த மின்னணுவும் இல்லாமல் ஒரு சுத்தியலும் ஸ்பிரிங்கும் செய்யும் கணக்கு இது. எனக்கு இந்த வகைத் துப்பாக்கிகள் பிடித்துப்போனதே இதனால்தான்.

இதன் மறுபக்கம், அளவுக்கு மீறி நிரப்பினால் வேகம் குறையும். சுத்தியலால் வால்வைப் போதிய அளவு திறக்க முடியாது. "இன்னும் பத்து பார் ஏற்றினால் பலம் கூடும்" என்று நினைப்பவர்கள் ஏமாறும் இடம் இது. பெல்லட்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் ஒன்றை வைத்து, வேகம் சமமாக நிற்கும் அழுத்த எல்லையைக் கண்டுபிடித்து, அதற்குள்ளேயே நிரப்புவது நல்லது.

ரெகுலேட்டர் வேண்டாமா? அது அழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தி வைக்கும். பத்து மீட்டரில், அரை மில்லிமீட்டர் அகலமே உள்ள பத்துப் புள்ளியைக் குறிவைக்கும் போட்டியாளருக்கு அது தேவைதான். ஆனால் அதற்குள் இன்னொரு பிஸ்டன், இன்னொரு இருக்கை, மேலும் சில ஓ-ரிங்குகள். ஒரு துகள் தூசி விழுந்தாலே அழுத்தம் மெல்ல ஏறத் தொடங்கும். பராமரிப்பு எளிதாக இருக்க வேண்டும் என்பவருக்கு என் ஓட்டு ரெகுலேட்டர் இல்லாத, போல்ட் என்ற கைப்பிடித் தண்டை இழுத்து ஒவ்வொன்றாகக் குண்டு போடும் வகைக்குத்தான். ஏர் ஆர்ம்ஸ் எஸ்200 அப்படிப்பட்டது. கைப் பம்ப்தான் கதி என்றால் குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும் வகையைப் பாருங்கள். பெஞ்சமின் டிஸ்கவரிக்கு 138 பாரே போதும். கைக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டியது: பாகங்களைப் பிரித்துக் காட்டும் வரைபடம் கிடைக்குமா, ஓ-ரிங்குகள் எங்கும் கிடைக்கும் பொது அளவா, காற்றை முழுவதும் வெளியேற்ற வழி என்ன. மூன்றாவது உயிர் சம்பந்தப்பட்டது. அழுத்தம் உள்ள எந்தப் பாகத்தையும் கழற்றவே கூடாது. பழைய துப்பாக்கி என்றால் சிலிண்டரில் பொறித்த தேதியையும் பாருங்கள். போட்டித் துப்பாக்கி சிலிண்டர்களுக்குப் பெரும்பாலும் பத்து வருடம்தான் ஆயுள்.

காற்று படும் இடத்தில் சிலிக்கோன் கிரீஸ் மட்டும். பெட்ரோலிய எண்ணெய், வேகமாக அழுத்தும்போது எழும் சூட்டில் பற்றிக்கொள்ளலாம். ஆக்சிஜனைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், வெடித்துவிடும். நிரப்புவதும் மெதுவாக. வேகமாக நிரப்பினால் சூடேறி, ஆறியதும் அழுத்தமானியின் முள் இறங்கும். கசிவு என்று பதறி எல்லாவற்றையும் பிரித்துப் போட்டவர்கள் உண்டு. முழுக்கக் காலியான சிலிண்டரை நிரப்புமுன் போல்ட்டை இழுத்துக் காக் செய்யுங்கள், அதாவது சுத்தியலைப் பின்னால் பூட்டி வையுங்கள். இல்லையென்றால் சுத்தியல் தண்டில் சாய்ந்து நிற்க, நீங்கள் அடிக்கும் காற்றெல்லாம் குழல் வழியாகவே போய்விடும்.

நிஜமாகவே கசிகிறதா? பெல்லட் இல்லாத துப்பாக்கியின் இணைப்புகளிலும் குழல் வாயிலும் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். வாய்க்கு நேரே யாரும் நிற்கக் கூடாது, நீங்களும்தான். இணைப்பில் குமிழி வந்தால் அங்குள்ள ஓ-ரிங்கை மாற்ற வேண்டும். குழல் வாயில் வந்தால் பெரும்பாலும் வால்வு இருக்கை.